அந்தச் சொல்லை முதலில் சொல்லாத லெயோனி

லெயோனி ஃப்ளாமாங்கின் மேசையில், தொலைபேசிக்குப் பக்கத்தில், ஒரு பழுப்பு அட்டை ஒட்டியிருந்தது. பேயோட்டுகிற சாமியாரை ஐரோப்பாவின் பாதி நாடுகளில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அதில் அவள் கைப்பட எழுதி வைத்திருந்தாள். பிரெஞ்சுக்காரருக்கு எக்ஸோர்சிஸ்த். இத்தாலியருக்கு எசோர்சிஸ்தா. போர்ச்சுகீசியர் அதையே கொஞ்சம் குழைத்து எசோர்சிஷ்தா என்பார்கள். ஜெர்மன்காரருக்கு இதெல்லாம் போதாது. தொய்ஃபெல்ஸ்அவுஸ்த்ரைபர், அதாவது சாத்தானை வெளியே விரட்டுகிறவன் என்று வேலையையே பெயராக வைத்திருக்கிறார்கள். பின்லாந்துக்காரர் மட்டும் யாரோடும் ஒட்டாமல் மனாயா என்பார்கள். கடைசி வரியில் லக்சம்பர்க் என்று எழுதி, எதிரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.

லக்சம்பர்க்காரர்களான எங்கள் மொழியிலும் அகராதியைப் புரட்டினால் அப்படியொரு சொல் கிடைக்கும். ஆனால் யார் வாயிலிருந்தும் அது வந்து லெயோனி கேட்டதில்லை. நம்மவர்கள் போன் செய்தால் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம் கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார்கள், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அதான்... அதைச் செய்யுற சாமியார் ஒருத்தர் இருக்காராமே" என்பார்கள். ரொம்ப முடியாமல் போனால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார்கள். வெட்கப்படுகிற காரியத்துக்கெல்லாம் பக்கத்து நாட்டு மொழியை இரவல் வாங்குவது எங்கள் ஊர்ப் பழக்கம். காதல் கடிதத்தையும் கோர்ட் நோட்டீசையும் நாங்கள் அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறோம்.

லெயோனி வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் பிறந்தவள். ஐந்து அண்ணன்மாருக்குக் கீழே பிறந்ததால், சாப்பாட்டு மேசையில் தன் முறை வரும்வரை பேசக் காத்திருந்து காத்திருந்து, கேட்பதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். பதினெட்டு வயதில் தபால் இலாகாவின் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து மொழிகளில் "கொஞ்சம் காத்திருங்கள்" சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அங்கே மரியாதை இருந்தது. அப்புறம் அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. தொண்ணூற்று இரண்டில் ஆயரகத்தின், அதாவது பிஷப் அலுவலகத்தின், தொலைபேசி மேசைக்கு வந்தாள்.

ஆயரகத்துக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணத் தேதி, மணி அடிப்பது சத்தமாக இருக்கிறது என்கிற புகார். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அந்த மாதிரிப் போன். அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. கூப்பிடுகிறவர் சொல்வதற்கு முன் அந்தச் சொல்லை நாம் சொல்லக் கூடாது. காரணம் எளிது. "பேயோட்டுகிறவர் வேண்டுமா?" என்று ஆயரகமே கேட்டுவிட்டால், பேய் இருக்கிறது என்று ஆயரகமே சொல்லிவிட்டதாக அர்த்தமாகிவிடும்.

லெயோனிக்கு இதை யாரும் பாடம் நடத்தவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டாள். சேர்ந்த முதல் வருஷம் ஒரு போர்ச்சுகீசிய அம்மாள் அழுதுகொண்டே போன் செய்தாள். மகள் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வார்த்தை கிடைக்காமல் அந்தம்மாள் தவிப்பதைக் கேட்டு, உதவுகிற நினைப்பில், "எசோர்சிஷ்தாவாம்மா வேணும்?" என்று லெயோனி எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். கோயிலே சொல்லிவிட்டது என்று அந்தம்மாள் மகளின் துணிமணியை மாடிப்படியில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டாள். மூன்று நாள் அந்தப் பெண் ஒரு தோழி வீட்டுச் சோபாவில் கிடந்தது. லெயோனியே தேடிப்போய், தாயையும் மகளையும் ஒரு டாக்டரிடம் உட்கார்த்தி வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் அந்தச் சொல்லை முதலில் சொன்னதே இல்லை.

சொல்லுக்குப் பதிலாகக் கேள்வித்தாள் இருந்தது. ஏழு கேள்விகள். பெயர் என்ன, சொல்ல விருப்பமில்லாவிட்டால் வேண்டாம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். எப்போதிலிருந்து. டாக்டரைப் பார்த்தீர்களா. வேறு யாருக்காவது கேட்கிறதா, தெரிகிறதா. அந்த வீட்டைச் சேர்ந்த யாராவது, அல்லது உங்களுக்கு வேண்டிய யாராவது, இறந்திருக்கிறார்களா. ஏழாவது, எங்களிடம் என்ன வேண்டும். அந்த ஏழாவதற்குப் பதிலாக, எந்த மொழியிலாவது, அந்தச் சொல்லை அவர்களே சொன்னால்தான் தாள் சாமியாரின் பெட்டிக்குப் போகும். பாதிப் பேர் ஆறாவது கேள்வியிலேயே அழுது முடித்து, நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

சாமியாரின் பெயர் ஆயருக்கும், அவருடைய செயலருக்கும், லெயோனிக்கும் மட்டுமே தெரியும். ஒல்லியாக, கண்கள் குழிவிழுந்து, கறுப்பு அங்கியில் ஒருவரை நீங்கள் கற்பனை செய்தால் ஏமாந்து போவீர்கள். ஆள் குண்டு. தேனீ வளர்ப்பார். கால்பந்து நடக்கிற நாளில் அவரைப் பிடிக்க முடியாது. "பாதி மொழியில அது ஒரே கிரேக்க வார்த்தைதான் லெயோனி, சத்தியம் பண்ண வைக்கிறவன்னு அர்த்தம்" என்று ஒருமுறை தேன் பாட்டிலைக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "வெரட்டுறதெல்லாம் அப்புறம். முதல்ல ஆளை உண்மையைப் பேச வெக்கணும். நீ கேக்குற ஏழு கேள்வியிலேயே முக்காவாசி வேலை முடிஞ்சுடுது."

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் மெத்தி. தெற்கே சிவப்பு மண் ஊரில், எஃகு ஆலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். தொழிற்சங்கத்துக்காரன். ஞானஸ்நானத்துக்கு ஒரு தரம், கல்யாணத்துக்கு ஒரு தரம், ஒரு சவ அடக்கத்துக்கு ஒரு தரம், ஆக மூன்று முறைதான் தன் காலால் கோயிலுக்குள் போயிருக்கிறான், அதிலும் முதல் தரம் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பான். லெயோனிக்கு ஆயரகத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து அவனுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. "எம் பொஞ்சாதி சாத்தானோட டெலிபோன் ஆபரேட்டருப்பா. லைன் பிஸியா இருந்தா நரகமே காத்துக் கெடக்கும்" என்று பீர்க்கடையில் இருபத்திரண்டு வருஷமாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டிலும் அதே கதைதான்.

"என்ன லெயோனி, இன்னைக்கு எத்தனை பேய் லைன்ல வந்துச்சு?"

"ஒண்ணுகூட வரல. ஒண்ணே ஒண்ணு இதோ எதிர்ல உக்காந்து சூப் குடிக்குது."

"அந்தச் சாமியார் பேரையாவது சொல்லேன். கடையில பந்தயம் கட்டியிருக்கோம். எல்லாரும் அந்த எலும்பன், ஆத்தங்கரைக் கோயில்ல இருக்காரே, அவர்தான்கிறாங்க."

"சூப்பு ஆறிடும்."

வாயைப் பிடுங்க அவன் செய்யாத தந்திரமில்லை. அவளும் கடைசிவரை சொன்னதில்லை. இதனால் அவர்களுக்குள் மனஸ்தாபம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு, பொழுது போயிற்று. இருவரும் கொஞ்சம் ஜாக்கிரதையாக நடந்துகொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான், அத்திலியோவின் சாவு.

அத்திலியோ ஆலையில் மெத்தியோடு ஒரே குழுவில் வேலை பார்த்த இத்தாலியன். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெத்திக்குப் பதிலாக மத்தியான ஷிப்டுக்குப் போனான். சாயங்காலம் நாலு மணிக்குக் கிரேன் சங்கிலி அறுந்தது. அன்றைக்கு மெத்தி பெல்ஜியத்தில், மழையில் நனைந்தபடி, மேட்டுப் பாதையோரம் நின்று சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தயத்துக்குப் போனது லெயோனிக்குத் தெரியும். அவள்தான் ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஷிப்டு மாற்றிக்கொள்வது ஆலையில் எல்லாரும் செய்வது. விதி, என்ன செய்ய, என்று அவள் நினைத்துக்கொண்டாள். மெத்தி அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ஊரார் அந்தரங்கத்தையெல்லாம் கேட்கத் தெரிந்தவள் தன் வீட்டில் இதைக் கேட்கவில்லை, அதுதான் உண்மை.

அடக்கத்தன்று கோயில் வாசலில் ஒன்று நடந்தது. அத்திலியோவின் மனைவி இரிதே, முகமெல்லாம் வீங்கி, இரண்டு கையாலும் லெயோனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்டாள். லெயோனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் யாரையோ யார் என்றோ நினைத்துக் கேட்கிறாள் போல என்று எண்ணி, "எனக்கென்ன இரிதே, எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே, உங்களை நீங்க பாத்துக்குங்க" என்றாள். இரிதே ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ரொட்டிக்கடையில் பார்த்தால் தலையசைப்பு உண்டு, அதற்கு மேல் இல்லை. நாலு தெரு தள்ளித்தான் வீடு.

இத்தனை வருஷம் கழித்து, மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு ஆயரகத்தில் போன் அடித்தது. லெயோனி பாதி ரொட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு எடுத்தாள். வழக்கம்போல் பிரெஞ்சில், "வணக்கம், ஆயரகம், சொல்லுங்க" என்றாள்.

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் பஸ் ஒன்று போகிற சத்தம்.

"வணக்கம் மேடம்."

முப்பத்தெட்டு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவளுக்கு மூச்சே போதும். என்ன மெத்தி, அடுப்பை அணைக்காம வெளிய போயிட்டியா என்று கேட்க வாயெடுத்தாள். அந்த 'மேடம்' அவளைத் தடுத்தது. வீட்டில் அவர்கள் லக்சம்பர்க் மொழியில் நீ, நான் என்றுதான் பேசுவார்கள். அவனுக்குப் பிரெஞ்சு ஆலையில் வந்தது, கரடுமுரடானது. வாய்த்தகராறில்கூட அவளிடம் அவன் அதை எடுத்ததில்லை.

"வணக்கம் ஐயா" என்றாள்.

"உங்ககிட்ட ஒரு கேள்வித்தாள் இருக்காமே. எல்லாரையும் கேப்பீங்களாமே."

"ஆமாங்க ஐயா. எல்லாரையும் கேப்போம்."

"என்னையும் கேளுங்க. யாரோ எவனோன்னு நெனச்சுக் கேளுங்க மேடம்."

லெயோனி ஒரு தாளை உருவினாள்.

"உங்க பேரு? விருப்பமில்லன்னா சொல்ல வேண்டாம்."

"விருப்பமில்ல."

"வீட்டுல யார் யாரு இருக்கீங்க?"

"நானும் வீட்டுக்காரியும். பொண்ணு கல்யாணம் கட்டிட்டு பெல்ஜியம் போயிட்டா. வீட்டுக்காரி நல்லவதான். வாய் கொஞ்சம் நீளம்."

லெயோனி அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதவில்லை.

"எப்பலேர்ந்து?"

"ஜனவரிலேர்ந்து. தினம் மத்தியானம் ஒன்றரைக்கு. கீழ நெலவறையில யாரோ இரும்பு பூட்ஸ் மாட்டுற சத்தம். முதல்ல ஒரு காலு, தரையில ஒரு தட்டு. அப்புறம் இன்னொரு காலு, இன்னொரு தட்டு. ரெண்டு மணி ஷிப்டுக்குக் கெளம்புறவன் அப்படித்தான் மாட்டுவான்."

பேனா நின்றது. ஜனவரியில் அவர்கள் வீட்டில் புது பாய்லர் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் வருகிற இந்த மாதிரிப் போன்களில் பாதி வெந்நீர்க் குழாய்தான் என்று லெயோனிக்கு மனப்பாடம். ஐயா, குழாய்க்காரரைக் கூப்பிடுங்க என்று சொன்னால் முடிந்தது. சாயங்காலம் சூப் குடிக்கும்போது அவள் சிரித்திருக்கலாம், அதுவும் இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து.

"நீங்க என்ன நெனக்கிறீங்கன்னு தெரியும் மேடம்" என்றான் அவன். "குழாய்தான். ஒன்றரைக்கு பாய்லர் தானா ஓடும், குழாய் சூடாகி விரியும், சொவத்துல முட்டும். கையை வெச்சே பாத்தேன். குழாயோட முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டுனவன் நானு. குழாய்னு தெரியுது, ஆனா பூட்ஸாத்தான் கேக்குது. ஒண்ணேகாலுக்கே கோட்டை மாட்டிட்டு வெளிய வந்துடறேன். இப்பக்கூட பஸ் ஸ்டாப்புலதான் உக்காந்திருக்கேன்."

இரண்டு மாதமாக மேலங்கி ஈரமாகத் தொங்குவதை லெயோனி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பீர்க்கடைக்குப் போய்வருகிறான் என்று நினைத்துத் திட்டியும் இருக்கிறாள். இருந்தாலும் குரலை மாற்றவில்லை.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். காது நல்லாருக்குன்னாரு. தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாரு. பட்டப்பகல்ல ஒன்றரை மணிக்கு எவன் மேடம் தூக்க மாத்திரை போடுவான்?"

"வேற யாருக்காவது அந்தச் சத்தம் கேக்குதா?"

"வீட்டுக்காரி அந்நேரம் வேலையில இருப்பா."

ஆறாவது கேள்விக்கு வந்ததும் லெயோனி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இறந்திருக்காங்களா ஐயா?"

"ஒருத்தன். எனக்குப் பதிலா ஷிப்டுக்குப் போனவன். அது ஊருக்கே தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. அன்னைக்கு அவன் மகளுக்குப் புதுநன்மை, கோயில்ல முதல் தரம் அப்பம் வாங்குற நாளு. வீட்டுல விருந்து. சைக்கிள் பந்தயம் பாக்கணும், எனக்குப் பதிலா போன்னு கேட்டா எவனாவது போவானா? அதனால... என் வீட்டுக்காரிக்கு உடம்பு ரொம்ப முடியல, பக்கத்துல ஆள் இருக்கணும்னு சொன்னேன். அவளுக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருந்தா. அவன் பந்தியிலேர்ந்து பாதியில எழுந்து, பூட்ஸை மாட்டிட்டுப் போனானாம். ஒத்துக்கிட்டப்ப, அவங்களை நல்லா கவனிச்சுக்கோன்னு வேற எங்கிட்ட சொன்னான்."

லெயோனி எழுதவில்லை. கோயில் வாசலும், வீங்கிய முகமும், தன் கையைப் பிடித்த இரண்டு கைகளும் கண்முன் வந்தன. உடம்பு தேவலையா. எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே. அப்படியானால் இரிதேக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடக்கம் முடிவதற்குள், லெயோனியின் வாயாலேயே தெரிந்துவிட்டது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் ஐயா."

"வீட்டுக்காரிகிட்ட சொல்லல. அவளை வெச்சே பொய் சொல்லிட்டு, அதை அவகிட்டயே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"ஏழாவது கேள்வி" என்றாள் லெயோனி. "எங்ககிட்ட என்ன வேணும்?"

"அதான் உங்களுக்கே தெரியுமே."

"நான் சொல்லக் கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்."

பீர்க்கடையில் அந்தச் சொல்லை வைத்து எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவன் இப்போது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அதைச் சொல்ல முடியாமல் தவித்தான். இரண்டு பஸ் போயிற்று. லெயோனி எடுத்துக் கொடுக்கவில்லை. அட்டையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எக்ஸோர்சிஸ்த்" என்றான் கடைசியில், பிரெஞ்சில், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. "நம்பாதவனுக்கும் அவரு வருவாரா மேடம்?"

அவள் அந்தச் சொல்லை ஏழாவது கட்டத்தில் எழுதினாள். சட்டப்படி இனி, ஒரு வாரத்துக்குள் உங்களை ஒருவர் கூப்பிடுவார் என்று சொல்லி வைத்துவிட வேண்டியதுதான். அவள் தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அந்த ஆளோட சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்காங்க. நாலு தெரு தள்ளி."

"அவங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப சாமியார் இருக்கட்டும் ஐயா, அவரை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்தம்மா வீட்டுக்குப் போங்க. எனக்குச் சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம அங்க சொல்லுங்க. சொல்லிட்டு வந்தும் பூட்ஸ் சத்தம் கேட்டா திரும்பக் கூப்பிடுங்க. நான்தான் எடுப்பேன்."

"வீட்டுக்காரிக்கு?"

"சொல்லியாச்சுன்னு வெச்சுக்குங்க."

போனை வைத்தபிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை. முப்பத்து மூன்று வருஷம் இரிதே தன்னைப் பார்த்து வெறுமனே தலையசைத்துவிட்டுப் போனதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தாளின் அடியில் 'முடிவு' என்று மூன்று கட்டங்கள் அச்சடித்திருக்கும். சாமியாருக்கு, கன்னியர் மடத்துக்கு, மருத்துவருக்கு. எதுவும் பொருந்தவில்லை. மூன்றுக்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்து, தாளைச் சாமியார் பெட்டியில் போடாமல் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தெரிந்தே செய்த ஒரே விதிமீறல் அது.

அன்று சாயங்காலம் பச்சை பீன்ஸ் சூப். இருவரும் குடித்தார்கள்.

"இன்னைக்கு எத்தனை பேய் வந்துச்சு?" என்று மெத்தி கேட்கவில்லை. லெயோனியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு வேறொரு தொல்லை இருந்தது. இரிதேக்கு எல்லாம் தெரியும் என்பதை இவனிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால், தெரிஞ்சவகிட்ட போய்ச் சொல்ல என்ன இருக்கு என்று இவன் நின்றுவிடுவான், அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லாவிட்டால், எல்லாம் தெரிந்தவள் முன்னால் இவன் முட்டாளாக நிற்பான். நிற்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஐயோ பாவம் என்று இன்னொரு மனம் சொன்னது. புதன்கிழமை முழுக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டே திரிந்தாள், உருளைக்கிழங்கு வேகவைத்ததில் உப்புப் போட மறந்தாள். மெத்தி உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு மெத்தி முகம் மழித்து, கல்யாணங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் லெயோனிக்குத் தெரியும். அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு காலியாக இருந்தது. ஆறு மணியாயிற்று, ஏழாயிற்று. ஒரு மனுஷன் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள இவ்வளவு நேரமா என்று ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள்.

ஏழரைக்கு வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கதவைத் தொறந்ததும் இரிதே என்ன கேட்டா தெரியுமா?" என்றான், தங்கள் மொழியில். "நான் வணக்கம்கூடச் சொல்லல. 'உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு தேவலையா'ன்னா."

லெயோனி அடுப்பை அணைத்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"அவளுக்கு அன்னைக்கும் ஒண்ணுமில்ல, இன்னைக்கும் ஒண்ணுமில்லன்னேன். பந்தயம் பாக்கப் போனேன்னேன். வாசப்படியிலேயே சொல்லிட்டேன், உள்ள போனா சொல்ல மாட்டேன்னு பயம். 'தெரியும், உங்க பொஞ்சாதியே அன்னைக்குச் சொல்லிட்டா, நீங்க எப்ப வந்து சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்'னா. உனக்குத் தெரியுமா, அவளுக்குத் தெரியும்னு?"

"செவ்வாக்கெழம தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா போயிருப்பியா?"

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என் உடம்பை வெச்சுப் பொய் சொல்லியிருக்கே மெத்தி. ஒரு சைக்கிள் பந்தயத்துக்கு. அந்தப் பொம்பள இத்தனை வருஷமா என்னையும் கூட்டுக்களவாணின்னு நெனச்சாளோ என்னவோ. எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும்" என்றான் மெத்தி. "எரியணும்." அவன் அழுதான். எஃகு ஆலைக்காரன் அழுது பழக்கமில்லாததால் இருமல் மாதிரி வந்தது. லெயோனி கையைப் பிடிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. அவன் இருமி ஓய்ந்ததும், "நாலு மணி நேரம் என்ன பேசுனீங்க?" என்று கேட்டாள்.

"எங்க பேசுனேன்? திட்டுனா. இத்தாலிய மொழியில பாதி, நம்ம மொழியில பாதி. நடுவுல காப்பி போட்டுக் குடுத்தா, குடிக்க விட்டுட்டு மறுபடி திட்டுனா. அந்த மகளுக்கு இப்ப நாப்பது வயசாம். இன்னமும் புதுநன்மை விருந்துன்னா எந்த வீட்டுக்கும் போறதில்லையாம்."

"மன்னிச்சாளா?"

"மன்னிச்சேன்னு சொல்லல. அடுத்த வியாழக்கெழமையும் வரணும்னா. உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னா."

பாய்லர் விஷயத்தையும் சொல்லிவிடலாம். சனிக்கிழமை குழாய்க்காரர் வந்து, சுவருக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் வைத்து இறுக்கிவிட்டுப் போனார். சத்தம் நின்றது. குழாய்க்காரர்தான் பேயை ஓட்டினார் என்று மெத்தி பீர்க்கடையில் சொன்னதாகக் கேள்வி. ஆனால் சாத்தானின் டெலிபோன் ஆபரேட்டர் என்கிற பேச்சை அவன் அதன் பிறகு எடுக்கவில்லை. சாமியாரின் பெயரையும் கேட்கவில்லை.

அடுத்த வியாழன் லெயோனி அரைநாள் லீவு போட்டாள். ஆப்பிள் பணியாரம் ஒரு தட்டு சுட்டு, துணி போர்த்தி எடுத்துக்கொண்டாள். நாலு தெரு நடக்கப் பத்து நிமிஷம். மெத்தி இரண்டடி பின்னால் வந்தான். இரிதேயின் வீட்டு மணியை லெயோனியே அழுத்தினாள்.

எழுபத்து நாலு வயசு இரிதே கதவைத் திறந்தாள். மெத்தியைக் கண்டுகொள்ளவில்லை. லெயோனியைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். பணியாரத் தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயில் வாசலில் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்டாள்.

"இத்தனை நாள் சரியில்ல இரிதே, எனக்குத்தான் தெரியல" என்றாள் லெயோனி. "இப்பதான் தேவலை."